டிடிபி கடையில் கோரல், பேஜ்மேக்கரை விட்டுவிட்டுக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற முடியுமா?

மாம்பலம் டிடிபி:

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில் பதினேழு வருடமாக ஒரு சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, பில் புக், லெட்டர் பேட், பிட் நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுதான் என் தொழில். புரோகிராம் எழுதத் தெரியாது. தமிழ் தட்டச்சு ஹையர் முடித்தவள், கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன், கடை ஓடுவதே அந்த வேகத்தில்தான்.

இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. பழையது விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர் 7, ஒரு தமிழ் எழுத்துருப் பொதி. இன்னொன்று விண்டோஸ் 10, அதில் டிசைன் வரையக் கோரல்டிரா, படம் திருத்தப் போட்டோஷாப், ஆபிஸ். மறைக்க விரும்பவில்லை, எதற்கும் பில் கிடையாது. கடை திறந்தபோது சர்வீஸ் செய்ய வந்தவர் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார், எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்றார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

போன ஆவணியில், நல்ல முகூர்த்த நேரம், கையில் நாலு பத்திரிகை வேலை. கோரல் திறக்கவில்லை என்று வேறு ஒருவரைக் கூப்பிட்டேன், எங்கிருந்தோ ஒரு ஃபைலை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லா ஃபைலுக்கும் பெயர் மாறியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திறக்கிறது. பத்து நாளைக்கு முந்தைய காப்பி பென் டிரைவில் இருந்ததால் இரண்டு பத்திரிகை தப்பியது. மற்ற இரண்டையும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தேன். அவசரத்தில் ஒரு வீட்டுப் பத்திரிகையில் பெண்ணின் சித்தப்பா பெயர் விட்டுப் போய்விட்டது. அச்சாகி வந்த பிறகு அந்தச் சித்தப்பாவே கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் பத்திரிகையை மேஜைமேல் வைத்து, தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். 400 பத்திரிகையையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். பணம் போனது சரி, அந்த விரல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதிலிருந்து இந்தத் திருட்டுக் காப்பி வேண்டாம் என்று ஒரு வைராக்கியம். எல்லாவற்றையும் சந்தா கட்டி வாங்க என் கடை வருமானம் தாங்காது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, என் கம்ப்யூட்டரில் இருப்பது ஆறாம் தலைமுறை பிராசஸர், 11க்கு ஆகாது என்கிறார்கள்.

அதனால் யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டு, பகிர்ந்துகொள்ளவும் முடிகிற கட்டற்ற மென்பொருளுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். முதலில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிட்டு அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், சரியா? பதினேழு வருட ஃபைல்கள் என்ன ஆகும்? ஆண்டர்சன் தெருவில் எங்கள் பிரஸ்காரர் கோரல் ஃபைல்தான் கேட்பார், அவரிடம் என்ன கொடுப்பது? என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் யாராவது மாறியிருந்தால் சொல்லுங்கள்.

ராயப்பேட்டை பக்க வடிவமைப்பு:

அக்கா, வணக்கம். நான் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்பவன், எனக்கும் புரோகிராம் தெரியாது. மூன்று வருடமாக என் மேஜையில் கட்டற்ற மென்பொருள் மட்டும்தான், அதில்தான் சம்பாதிக்கிறேன். உங்களாலும் முடியும். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். லினக்ஸைக் கடைசியில் வையுங்கள்.

காரணம் இதுதான். ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப், லிப்ரே ஆபிஸ் எல்லாமே விண்டோஸிலும் ஓடும். இப்போது இருக்கிற கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பழகுங்கள். ஒரே நாளில் வீடும் மாற்றி ஊரும் மாற்றிப் பள்ளிக்கூடமும் மாற்றினால், குழந்தை எதற்கு அழுகிறது என்றே தெரியாது. எனக்குத் தெரிந்து மாற நினைத்துத் திரும்பிப் போனவர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் போட்டவர்கள்தான், திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் வந்து நின்றதும் கை ஓடவில்லை, செவ்வாய்க்கிழமை பழையபடி ஆக்கிவிட்டார்கள்.

முதலில் கை வைக்க வேண்டியது எழுத்துருவில். உங்கள் பதினேழு வருட வேலையைக் கட்டிப் போட்டிருப்பது அதுதான். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்த கல்யாணப் பத்திரிகை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலம், அந்த எழுத்துரு இருக்கிற வரைக்கும்தான் அது தமிழாகத் தெரியும். யூனிகோடில் அப்படி இல்லை, ககரத்துக்கு என்று ஒரு எண், அந்த எண் எந்த கம்ப்யூட்டரிலும் ககரம்தான். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நம் டிடிபி கடைகள் மட்டும் இன்னும் பழைய எழுத்துருவில் நிற்கின்றன, பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் வராது என்ற ஒரே காரணத்துக்காக. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, இனி வரப்போவதும் இல்லை. எனவே இன்றைக்கு வருகிற புது வேலையிலிருந்தே யூனிகோடில் அடிக்க ஆரம்பித்துவிடுங்கள், மாறினாலும் மாறாவிட்டாலும் இது வீண் போகாது.

அப்புறம் பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸ். 1.6 பதிப்போ அதற்குப் பிந்தியதோதான் வேண்டும், அது 2024 ஜனவரியில் வந்தது. யாராவது பழைய 1.4ஐக் கொடுத்தால் தொடாதீர்கள், அதில் தமிழ் சேராது, கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாக நிற்கும். கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப், போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ்.

பிரஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படவேண்டாம். ஆரம்பத்தில் ஒரு அட்டையை முழுக்க இங்க்ஸ்கேப்பிலேயே செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். பிரஸ்ஸிலிருந்து போன், எழுத்தெல்லாம் நிழலடிக்கிறது என்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் லென்ஸைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு கறுப்பு எழுத்தின் ஓரத்திலும் மயிரிழை அளவுக்கு நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் எட்டிப் பார்க்கிறது. விஷயம் என்னவென்றால் இங்க்ஸ்கேப் திரைக்கான மூன்று நிறத்தில், அதாவது ஆர்ஜிபியில், வேலை செய்கிறது. பிரஸ்ஸில் பிளேட் போடும்போது அந்தக் கறுப்பை நாலு மையாகப் பிரித்துவிட்டது, நாலு பிளேட்டிலும் எழுத்து விழுந்துவிட்டது, ஒரு பிளேட் துளி நகர்ந்தாலும் நிழல்.

இப்போது நான் செய்வது, பிள்ளையார், கலசம், மாவிலைத் தோரணம் மாதிரிப் படங்களை மட்டும் இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜி என்ற கோட்டுப்பட ஃபைலாக ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவருவேன். எழுத்து அத்தனையும் ஸ்கிரைபஸிலேயே, கறுப்பு மை மட்டும் 100, மற்ற மூன்றும் சுழியம் என்று நிறம் வைத்து அடிப்பேன். ஸ்கிரைபஸின் அச்சு முன்னோட்டத்தில் நாலு மையையும் தனித்தனியாக அணைத்துப் பார்க்கலாம். கறுப்பை அணைத்ததும் எழுத்து முழுக்க மறைந்தால் சரி, மங்கலாக ஏதாவது மிச்சம் நின்றால் அனுப்பாதீர்கள்.

உங்கள் பிரஸ்காரர் கோரல் ஃபைல் கேட்பது பழக்கத்தால்தான். அவருக்கு வேண்டியது கர்வ் செய்த எழுத்தும், அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும்படி கோட்டுப் படமாக மாற்றிய எழுத்தும், சரியான நிறப்பிரிவும். ஸ்கிரைபஸில் பிடிஎஃப் ஆக்கும்போதே எழுத்துகளை அவுட்லைன் ஆக்கச் சொல்லலாம், அது கர்வ் செய்வதற்குச் சமம். பிடிஎஃப்/எக்ஸ் என்ற அச்சுக்கான வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு விசிட்டிங் கார்டு அப்படிக் கொடுத்துப் பாருங்கள், ஒருமுறை பிளேட் சரியாக வந்துவிட்டால் அப்புறம் அவரே பிடிஎஃப் கேட்பார்.

அண்ணா நகர் பொருளாளர்:

மேடம், நான் ஓய்வுபெற்ற கணக்காளர், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளரும்கூட. நாலு வருடமாக லிப்ரே ஆபிஸில்தான் என் வேலை நடக்கிறது. ஆனாலும் முழுமையாக மாறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

கணக்குக்கு டாலி வைத்திருந்தாலோ, உங்கள் ஆடிட்டர் வரி சம்பந்தமான எக்செல் படிவங்களை அனுப்பினாலோ அதற்கு விண்டோஸ் வேண்டியிருக்கும். ஜிஎஸ்டி வரிக் கணக்குக்கான ஜிஎஸ்டிஆர்-3பி ஆஃப்லைன் படிவம் மாதிரியானவை எக்செல் மேக்ரோவை, அதாவது உள்ளே எழுதி வைத்த தானியங்கிக் கட்டளைகளை, நம்பி எழுதப்பட்டவை, லிப்ரே ஆபிஸின் கால்க்கில் அவற்றை நம்பி உட்காரக் கூடாது. சாதாரணக் கணக்குக்குக் கால்க் தாராளமாகப் போதும், விலுக்கப், பிவட் டேபிள் எல்லாம் அதில் உண்டு, 140 வீட்டின் பராமரிப்புக் கட்டணத்தை அதில்தான் நான் வைத்திருக்கிறேன். எனவே ஒரு கம்ப்யூட்டர் விண்டோஸாகவே இருக்கட்டும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸாக இருக்கட்டும். விண்டோஸ் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டி, அதன்மேல் போடுவதையெல்லாம் கட்டற்றதாக வைத்துக்கொண்டால் செலவு உங்கள் சக்திக்குள் வந்துவிடும்.

நீங்கள் திருட்டுக் காப்பியை விட நினைப்பது மிகச் சரியான முடிவு. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 63பி பிரிவைப் படித்துப் பாருங்கள். திருட்டுக் காப்பி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்த உபயோகத்துக்கு என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம், கடை வைத்துச் சம்பாதிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒரு பெண் தனியாக நடத்தும் கடை என்பதால் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் விஷயம். வேர்டில் 62 பக்கம் இருந்தது லிப்ரே ஆபிஸின் ரைட்டரில் 65 ஆகிவிடும், பொருளடக்கம் குழம்பும். பெரும்பாலும் எழுத்துரு இல்லாததுதான் காரணம். காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் பதில் லிபரேஷன் எழுத்துருக்கள், இவை எழுத்தின் அகலம் அதே அளவில் இருக்கும்படி செய்யப்பட்டவை. இவற்றைப் போட்டுவிட்டால் பக்கம் பெரும்பாலும் நகராது. இருந்தாலும் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களிடம் பிடிஎஃப் ஆகக் கொண்டுவரச் சொல்லி ஒரு போர்டு எழுதி மாட்டிவிடுங்கள், உங்களுக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் நல்லது.

நம் ஊரில் இது புதிதல்ல என்பதையும் சொல்லத் தோன்றுகிறது. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தலைமையில் உமாசங்கர் ஐஏஎஸ் இருந்த காலத்திலேயே அங்கே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறினார்கள், மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த சாதாரண ஊழியர்கள் அதில் கடிதம் அடித்தார்கள். அந்த ஓபன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்ததுதான் இந்த லிப்ரே ஆபிஸ்.

மாம்பலம் டிடிபி:

ராயப்பேட்டை தம்பிக்கும் பொருளாளர் சாருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸ் விஷயம் நன்றாகப் புரிந்தது, எங்கள் பிரஸ்ஸிலும் நிழலடிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இன்னும் மூன்று சந்தேகம். நான் பழைய தட்டச்சு முறையில் அடிப்பவள், யூனிகோட் என்றால் தமிழ்99 என்ற வேறு விசைப்பலகை முறையைக் கற்க வேண்டுமா? இந்த வயதில் விரலை மாற்ற முடியாது. இரண்டாவது, கேனான் எல்பிபி 2900 ஒன்றும் எப்சன் இங்க் டேங்க் ஒன்றும் இருக்கிறது, லினக்ஸில் வேலை செய்யுமா? மூன்றாவது, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போட்டோஷாப்பில் ஒரு ஆக்‌ஷன் வைத்திருக்கிறேன், பட்டனை அழுத்தினால் எட்டுப் படமும் தாளில் வந்து உட்காரும். கிம்ப்பில் அப்படி உண்டா? ஸ்கூல் திறக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள்.

பெரம்பூர் மிண்ட்:

அக்கா, மூன்றுக்கும் சொல்கிறேன்.

விரலை மாற்ற வேண்டாம். லினக்ஸில் தமிழ் அடிக்க ஐபஸ் என்று ஒன்று இருக்கிறது, அதோடு எம்17என் என்ற பொதியைச் சேர்த்தால் தமிழுக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் என்று பல வகை வரும், நீங்கள் டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இருக்கும்வரை எ-கலப்பை, அதுவும் கட்டற்றது, அதிலும் தட்டச்சு முறை உண்டு. ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள், ஓரிரண்டு குறிகள் மெஷினில் இருந்த இடத்தில் இல்லாமல் இருக்கலாம், அதைத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிட்டால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

எப்சன் இங்க் டேங்க் பெரும்பாலும் செருகியவுடனே வேலை செய்யும், அதற்கான டிரைவர் லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகையிலேயே வந்துவிடுகிறது. எல்பிபி 2900தான் சிக்கல். அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசுகிற பிரிண்டர், லினக்ஸுக்கு டிரைவர் இருந்தாலும் அதைப் பொருத்துவது கணினி தெரிந்தவர்களுக்கே பெரும்பாடு. நீங்கள் அதில் நேரத்தைப் போட வேண்டாம். பொருளாளர் சார் சொன்ன மாதிரி ஒரு விண்டோஸ் மெஷின் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் அல்லவா, கேனான் அதோடு இருக்கட்டும். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ரிச்சி தெருவில் விலை கேட்கும் முன் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போட்டோ விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிம்ப்பில் ஆக்‌ஷன் பதிவு செய்கிற வசதி கிடையாது. கடைக்காரர்களுக்கு இது நிஜமான இழப்பு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எங்கள் மாமா ஸ்டுடியோவில் நான் ஒரு வழி செய்து கொடுத்தேன், ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இங்க்ஸ்கேப்பில் 4க்கு 6 இஞ்ச் பக்கம் ஒன்று எடுங்கள், அது 102க்கு 152 மில்லிமீட்டர். பாஸ்போர்ட் படம் 35க்கு 45. நீளத்தில் நாலு படம் வைத்தால் 140, அகலத்தில் இரண்டு வைத்தால் 90, ஆக எட்டும் உட்கார்ந்து வெட்டுவதற்கு இடைவெளியும் இருக்கும். முதல் படத்தைக் கொண்டுவரும்போது ஃபைலுக்குள் பதிக்காமல் லிங்க் மட்டும் கொடுங்கள். மற்ற ஏழையும் காப்பி எடுக்காமல் குளோன் எடுங்கள், ஆல்ட்டும் டி-யும் சேர்த்து அழுத்தினால் குளோன். இனி ஒவ்வொரு ஆளுக்கும் கிம்ப்பில் முகத்தை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, அதே பெயரில் அதே இடத்தில் சேமித்தால் போதும், இங்க்ஸ்கேப் பக்கத்தைத் திறந்தால் எட்டும் புது முகமாக மாறியிருக்கும். கிம்ப்பில் வெட்டும் கருவிக்கு 35க்கு 45 என்று விகிதத்தைப் பூட்டி வைத்துவிடுங்கள், நாற்பது பேரையும் சமாளிக்கலாம்.

லினக்ஸ் போடும் நாள் வரும்போது மிண்ட் போடுங்கள். ஸ்டார்ட் மெனு கீழே இடது மூலையில் இருக்கும், பார்க்கப் பழகிய மாதிரியே இருக்கும். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, உங்கள் ஆறாம் தலைமுறைக்கு நன்றாகவே ஓடும். முதலில் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கணியம் தளத்தில் 2012 முதல் இதைப் பற்றியெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறார்கள், யாரும் இலவசமாகப் படிக்கலாம். நம் சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் 1998இல் தொடங்கியது, அங்கே தமிழில் கேட்டாலும் பதில் சொல்ல ஆள் உண்டு. நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது, அதைத் திறந்து பார்த்ததுதான் எனக்கு ஆரம்பம். கூடப் படித்த பலர் திறந்தே பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

ராயப்பேட்டை பக்க வடிவமைப்பு:

தம்பி குளோன் வழி அருமை, நானும் வைத்துக்கொள்கிறேன்.

அக்கா, பழைய ஃபைல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். பதினேழு வருடத்தையும் மாற்ற உட்காராதீர்கள், ஆயுள் போதாது. திரும்ப வருகிறவர்களை மட்டும் மாற்றுங்கள், கோயில், பள்ளிக்கூடம், லெட்டர் பேட் அடிக்கும் வக்கீல்கள், ஒவ்வொரு வருடமும் ஒரே நோட்டீஸைத் தேதி மாற்றி அடிப்பவர்கள். மற்றதெல்லாம் பார்வைக்கு இருந்தால் போதும், எக்ஸ்பி மெஷின் உயிரோடு இருக்கும்போதே முக்கியமானவற்றைப் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். லிப்ரே ஆபிஸின் டிரா பேஜ்மேக்கர் ஃபைலையும் கோரல் ஃபைலையும் திறக்கும், ஆனால் கட்டங்கள் நகர்ந்துதான் வரும், அவசரத்துக்கு எட்டிப் பார்க்க மட்டுமே.

எழுத்தை மாற்றும் முறை. பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை மட்டும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் உங்கள் எழுத்துருவின் குறியீடு டாம், டாப், திஸ்கி, பாமினி இவற்றில் எது என்று தேர்ந்தெடுத்து யூனிகோட் ஆக்க வேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. மாப்பிள்ளையின் படிப்பையும் கம்பெனி பெயரையும் ஆங்கிலத்தில் அடித்திருப்பீர்கள். எழுத்துரு டாம், பாமினி மாதிரி என்றால் கன்வெர்ட்டருக்கு எது நிஜ ஆங்கிலம், எது வேஷம் போட்ட தமிழ் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். எண்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும், ஆங்கில எழுத்து தப்பாது. எனவே மாற்றுவதற்கு முன் ஆங்கிலப் பகுதியை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டு கடைசியில் சேருங்கள். ஸ்ரீ, க்ஷ இரண்டையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள், பத்திரிகையில் ஸ்ரீ இல்லாத வரி எங்கே இருக்கிறது.

லிப்ரே ஆபிஸில் இன்னொன்று. மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் என்ற பெட்டியைத் தேர்வு செய்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு பாணிக்கும் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு ஒரு எழுத்துரு என்று இரண்டு இருக்கும், அளவும் தனித்தனி. ஆங்கிலத்துக்கு மட்டும் அளவை மாற்றிவிட்டு, தமிழ் ஏன் மாறவில்லை என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார், எல்லாம் கட்டற்ற உரிமத்தில் வந்தவை, சம்பாதிக்கிற வேலைக்கும் தாராளமாகப் போடலாம். கோட்டூர்புரத்தில் இருக்கிற தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோட் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. கல்யாணப் பத்திரிகைக்கான வளைவு நெளிவான அலங்கார எழுத்துகள் மட்டும் பழைய பொதிகளில் இருந்த அளவுக்கு யூனிகோடில் இல்லை. மணமக்கள் பெயருக்குக் கவிவனாரைப் பெரிதாக வைத்துப் பாருங்கள், கையால் எழுதிய மாதிரி இருக்கும்.

மாம்பலம் டிடிபி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன்.

முதல் இரண்டு வாரம் எ-கலப்பையில் யூனிகோட் அடித்துப் பழகியதோடு சரி. கை எண்பது பங்கு அப்படியே ஓடுகிறது, மூன்று குறிகளைத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு காதணி விழா பத்திரிகையைத் துணிந்து ஸ்கிரைபஸில் செய்தேன். பேஜ்மேக்கர் கை என்பதால் கட்டம் போட்டு எழுத்தை ஊற்றுவது சீக்கிரம் பிடிபட்டது. ஒரு கட்டத்தின் எழுத்து அடுத்த கட்டத்துக்கு ஓடும்படி இணைப்பதற்கு மட்டும் ஒரு மதியம் ஆனது. முன்னோட்டத்தில் கறுப்பை அணைத்தேன், தாய்மாமன் பெயர் மட்டும் மங்கலாக நின்றது, அதை மட்டும் வேறு கறுப்பில் அடித்திருக்கிறேன் போல. திருத்தி அனுப்பினேன். பிரஸ்காரர் பிடிஎஃப்பைப் பார்த்துவிட்டு கோரல் எங்கே என்றார், இதில் பிளேட் போட்டுப் பாருங்கள் அண்ணா, சரியாக வராவிட்டால் பிளேட் காசு நான் தருகிறேன் என்றேன். காசு கேட்டு போன் வரவில்லை, பத்திரிகை வந்தது. லென்ஸ் இல்லாததால் மொபைலில் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்து சுத்தமாக இருந்தது.

இனி அச்சுக்கு அனுப்பும் முன் எல்லாப் பெயரையும் வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து விரல் வைத்து வாசிக்கச் சொல்கிறேன். அது மென்பொருள் விஷயம் இல்லை, ஆனால் இதோடு சேர்த்து ஆரம்பித்துவிட்டேன்.

எக்ஸ்பி மெஷினின் இணைய வயரைப் பிடுங்கி மேலே ஒரு தாள் ஒட்டிவிட்டேன், பழைய ஃபைல் எடுக்க மட்டும் என்று. விண்டோஸ் 10 மெஷினிலிருந்து கோரலை எடுத்தாயிற்று. போட்டோஷாப் மட்டும் இன்னும் இருக்கிறது, குளோன் பக்கத்தைத் தயார் செய்துவிட்டேன், கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்த வாரம் சொல்லிக் கொடுத்துவிட்டு அதையும் எடுத்துவிடுவேன். பெரம்பூர் தம்பி, பென் டிரைவில் மிண்ட் ஓட்டிப் பார்த்தேன், எப்சன் வந்தது, வைஃபை வந்தது, ஸ்கேனர் மட்டும் காட்டவில்லை. மாடல் எண்ணை இன்று ராத்திரி கடை மூடியதும் பார்த்து எழுதுகிறேன்.